அன்யெஹோ டெக்கீலாவைச் சுவைப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது நல்ல டெக்கீலா ஒன்று கொண்டுவந்தார். தேன் நிறம், கனமான பாட்டில், மரக்கட்டை மூடி. இருந்தது ஐந்து பேர். ஒருவர் எலுமிச்சை நறுக்கினார், இன்னொருவர் உப்பு டப்பாவைத் தேடிப் பிடித்தார். இரண்டே ரவுண்டில் பாட்டிலில் பாதி போய்விட்டது. "எப்படி இருந்தது?" என்று நண்பர் ஆசையாகக் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "எலுமிச்சை நல்ல புளிப்பு." அன்றைக்கும் அதற்குப் பிறகும் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அன்யெஹோ என்றால் என்ன? ரெப்போசாதோ, பிளாங்கோ என்றெல்லாம் சொல்கிறார்களே?

எல்லாம் டெக்கீலாதான், அதாவது மெக்சிகோவில் அகாவே என்ற செடியிலிருந்து வடிக்கும் மது. மரப் பீப்பாயில் எவ்வளவு காலம் இருந்தது என்பதை வைத்துப் பெயர் மாறுகிறது. பிளாங்கோ என்பது வடித்ததும் அப்படியே, அல்லது இரண்டு மாதத்துக்குள் பாட்டிலில் அடைப்பது. தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ரெப்போசாதோ ஓக் மரத்தில் குறைந்தது 2 மாதம் இருக்க வேண்டும். அன்யெஹோவுக்குக் குறைந்தது 1 வருடம். பீப்பாயும் 600 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. 3 வருடம் தாண்டினால் எக்ஸ்ட்ரா அன்யெஹோ. இந்தக் கடைசி வகை 2006-ஐ ஒட்டித்தான் அதிகாரபூர்வமாக வந்தது.

600 லிட்டர் என்ற வரம்பு ஏன் என்றால், பீப்பாய் சிறியதாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் மதுவுக்கு மரத்தோடு அதிகம் உரசல் கிடைக்கும். ரெப்போசாதோவுக்கு அந்த வரம்பு இல்லை. ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் மரத் தொட்டியிலும் வைக்கலாம்.

வெறும் ஒரு வருடம், மூன்று வருடம்தானா? ஸ்காட்ச் 12 வருடம், 18 வருடம் என்று வருகிறதே?

இது நியாயமான சந்தேகம்தான். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இடம். ஸ்காட்லாந்தின் குளிரில் மரம் மெதுவாக வேலை செய்யும். டெக்கீலா வடிக்கும் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலம் அப்படியில்லை. வெயில் உண்டு, காற்றும் வறண்டது. மரத்தின் சாரம் சீக்கிரம் இறங்கிவிடும், பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதும் அதிகம்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். விஸ்கியின் மூலப்பொருள் தானியம். அதன் ருசியில் பெரும்பகுதியைப் பீப்பாயே கொடுக்கிறது. டெக்கீலாவின் மூலப்பொருளான அகாவேக்கு ஏற்கெனவே பலமான ருசி ஒன்று இருக்கிறது. அது நிலத்தில் விளைந்து முதிரவே 6, 7, 8 வருடம் ஆகும். அப்படிக் காத்திருந்து கிடைத்த ருசியை இன்னும் பத்து வருடம் மரத்தில் போட்டு அமுக்கினால் கடைசியில் கையில் இருப்பது மரச்சாறு. ஐந்தாறு வருட எக்ஸ்ட்ரா அன்யெஹோ ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தபோது நான் அதைக் காக்னாக் என்ற பிரெஞ்சு பிராந்தி என்றே சொல்லியிருப்பேன். ருசியில் குறை சொல்ல முடியாது, ஆனால் அதற்குக் காக்னாக்கே வாங்கியிருக்கலாமே!

அகாவே என்பது நம்ம ஊர்க் கற்றாழைதானே?

சோற்றுக் கற்றாழை இல்லை. அது வேறு குடும்பம். ரயில் பாதை ஓரம் வேலியாக வளர்ந்து நிற்கும் ஆனைக்கற்றாழை இருக்கிறதே, அது அகாவே இனம். சொல்லப்போனால் அகாவேக்குத் தண்ணீர்விட்டான் கிழங்குதான் நெருங்கிய சொந்தம், தாவரவியல்படி ஒரே குடும்பம். டெக்கீலாவுக்கு ஆகிவருவது நீல அகாவே என்ற ஒரே ஒரு வகை மட்டும்.

அறுவடைக்காரரை ஹிமதோர் என்பார்கள். நீண்ட கைப்பிடியின் நுனியில் வட்டத் தகடு பொருத்திய கோவா என்ற கருவியால் முள் மடல்களைச் சீவித் தள்ளுவார். நடுவில் மிஞ்சும் பெரிய குருத்து பார்க்க அன்னாசி போலவே இருப்பதால் அதற்குப் பெயரும் பீன்யா, ஸ்பானிய மொழியில் அன்னாசி என்று பொருள். 30, 40 கிலோ சாதாரணம். ஒரு லிட்டர் டெக்கீலாவுக்கு ஏறத்தாழ 7 கிலோ பீன்யா தேவைப்படும். அதை அடுப்பில் வேகவைத்தால் உள்ளிருக்கும் மாவுப்பொருள் போன்ற ஒன்று சர்க்கரையாக உடையும். வெந்த பீன்யா துண்டு பழுப்பாக, நாராக, கரும்பு மாதிரி மென்று துப்பும்படி இருக்கும். பிழிந்து, நொதிக்கவைத்து, இரண்டு முறை வடிப்பார்கள்.

பெயர் சட்டத்துக்கு உட்பட்டது. 1974-இல் வந்த பாதுகாப்பு அது. இன்று ஹலிஸ்கோ மாநிலமும் வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளும் மட்டுமே டெக்கீலா என்று பெயர் போடலாம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் தக்காண அகாவேயிலிருந்து வடிக்கும் ஆலை ஒன்று உண்டு. அவர்கள் அகாவே மது என்றுதான் விற்கிறார்கள்.

லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் "100% அகாவே" என்ற வாசகம். அது இல்லாவிட்டால் அது மிக்ஸ்தோ. அதாவது சர்க்கரையில் 51% மட்டும் அகாவேயிலிருந்து வந்தால் போதும், மீதி கரும்புச் சர்க்கரையாக இருக்கலாம். மறுநாள் தலைவலிக்குப் பெயர்போனது பெரும்பாலும் இந்த வகைதான் என்பார்கள். அளவு மீறினால் எந்த வகையும் தலைவலிதான், அது வேறு விஷயம்.

அப்புறம், நோம் (NOM) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். அது ஆலையின் எண். பாட்டிலின் வடிவமும் பெயரும் எதுவாக இருந்தாலும் எந்த ஆலையில் வடித்தது என்பதை அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். 1493 என்றால் ஃபோர்தலேசா, டெக்கீலா என்ற பெயருள்ள ஊரிலேயே இருப்பது. 1139 என்றால் அரந்தாஸ் ஊரின் லா ஆல்தென்யா, எல் தெசோரோ, தப்பாத்தியோ என்ற பிராண்டுகள் பிறக்கும் இடம். பத்துப் பதினைந்து பிராண்டு ஒரே எண்ணில் வருவதும் உண்டு. அங்கே கதை வேறு, பாட்டில் வேறு, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்று.

பீங்கான் பாட்டில், கையால் வரைந்த பூ வேலைப்பாடு, தோல் பட்டை எல்லாம் பார்க்க அழகு. விலையில் எவ்வளவு அந்த அழகுக்குப் போகிறது என்று யோசித்து வாங்குங்கள்.

டான் ஹூலியோ 1942 என்றால் 1942-இல் வடித்ததா?

இல்லை. ஹூலியோ கொன்சாலெஸ் டெக்கீலா தொழிலைத் தொடங்கிய வருடம் அது, அதன் நினைவாக வைத்த பெயர். உள்ளே இருப்பது குறைந்தது இரண்டரை வருடம் பீப்பாயில் இருந்த அன்யெஹோ. மூன்று வருடக் கணக்கு வராததால் எக்ஸ்ட்ரா அன்யெஹோவும் இல்லை. கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் அந்தப் பாட்டிலைக் கையில் ஏந்தி "என்னைவிட மூத்தது" என்று மரியாதையோடு சொன்னார். திருத்த எனக்கு மனசு வரவில்லை.

எந்த கிளாஸில் குடிப்பது? சிறிய ஷாட் கிளாஸ் ஆகாதா?

ஷாட் கிளாஸில் மூக்குக்கு இடமில்லை. வயிறு லேசாக உப்பி, வாய் சற்றுக் குறுகிய கிளாஸ் வேண்டும். ஆஸ்திரியாவின் ரீடல் நிறுவனம் இதற்கென்றே உயரமான, ஒல்லியான கிளாஸ் ஒன்றைச் செய்திருக்கிறது. மெக்சிகோவின் டெக்கீலா ஒழுங்காற்று மன்றம் அதைச் சுவைப்புக் கிளாஸாக அங்கீகரித்திருக்கிறது. அது இல்லையென்றால் வெள்ளை ஒயினுக்கான சிறிய கிளாஸே போதும். அதுவும் இல்லையா? ஒயின் கிளாஸ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். எவர்சில்வர் டம்ளர் மட்டும் வேண்டாம், நிறமும் தெரியாது, மணமும் நிற்காது.

30 மில்லி ஊற்றினால் போதும். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். முதலில் கிளம்பும் ஸ்பிரிட் நெடி அடங்கும்.

இன்னொன்று. "அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்று எழுதுபவர்கள் 20 டிகிரி அறையை நினைத்து எழுதுகிறார்கள். சென்னை மே மாத அறையை அவர்கள் பார்த்ததில்லை. 33 டிகிரியில் ஆல்கஹால் ஆவியாகி நேரே மூக்கில் ஏறும், வேறு மணம் எதுவும் தெரியாது. பாட்டிலை ஃபிரிஜ்ஜில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஊற்றுவது இங்கே தப்பே இல்லை. தொட்டால் இதமான குளிர்ச்சி போதும், ஜில்லென்று ஆகக் கூடாது.

கிளாஸ் சுவரில் கோடு கோடாக வழிகிறதே, அது தரத்தின் அடையாளமா?

பார்க்க அழகு. ஸ்பானிய மொழியில் அதைக் கண்ணீர் என்பார்கள். ஆல்கஹாலும் தண்ணீரும் வெவ்வேறு வேகத்தில் ஆவியாவதால் வருவது. கிளிசரின் சேர்த்தாலும் மெதுவாகத்தான் வழியும். அதை வைத்துத் தரம் சொல்ல முடியாது. நிறமும் அப்படியே, கேரமல் சாயம் சேர்ப்பதற்குச் சட்டம் அனுமதிக்கிறது.

எப்படி முகர்வது? முகர்ந்தால் ஸ்பிரிட் வாடைதான் வருகிறது.

மூக்கை கிளாஸுக்குள் விட்டு ஆழமாக இழுத்தால் அப்படித்தான் வரும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸை ஒருக்களித்துப் பிடித்து, மூக்கை விளிம்புக்கு மேலே கொண்டுபோய், சின்னச் சின்னதாக முகருங்கள். விளிம்பின் கீழ்ப்பக்கம், நடு, மேல்பக்கம் என்று இடத்தை மாற்றினால் மணமும் மாறும். ஒயினைப் போலச் சுழற்றோ சுழற்று என்று சுழற்ற வேண்டியதில்லை. மூக்கு சோர்ந்துபோனால் உங்கள் முழங்கையையோ சட்டையையோ ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி வாருங்கள்.

அன்றைக்கு சென்ட் அடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். பக்கத்தில் ஊதுவத்தி, மல்லிகைப் பூ எதுவும் இல்லாமல் இருப்பது நல்லது.

என்னென்ன மணம் வரும்? புத்தகங்களில் சொல்லும் பழங்களை நான் பார்த்ததே இல்லை.

பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, நம் மூக்குக்குத் தெரிந்ததை வைத்தே பெயர் சொல்லலாம். நான் இரண்டு கூடையாகப் பிரித்துக்கொள்வேன்: செடியிலிருந்து வருவது, மரத்திலிருந்து வருவது.

செடியின் பக்கம் முக்கியமானது வெந்த அகாவே. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோலை உரிக்கும்போது வரும் வாடையும் கரும்பு ஆலைப் பாகு வாடையும் கலந்தால் எப்படியோ அப்படி. கூடவே மிளகு, கொஞ்சம் பச்சைப்புல், ஆரஞ்சுத் தோல், சிலவற்றில் மழை பெய்த மண்.

மரத்தின் பக்கம் வெனிலா, கேரமல், கிராம்பு, தேங்காய். இவற்றை யாரும் உள்ளே போடவில்லை. பீப்பாய் செய்யும்போது உள்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அப்போது ஓக் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் உண்டாகிறது, வெனிலாக் காயில் இருக்கும் அதே பொருள். கிராம்புக்கு வாசம் தரும் யூஜெனாலும் ஓக்கில் உண்டு. தேங்காய் மாதிரி வருவது ஓக் லாக்டோன். டெக்கீலாக்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது அமெரிக்க விஸ்கியான போர்பன் இருந்த பழைய பீப்பாய்கள். போர்பனுக்கு உள்ளே கரியூட்டிய புதிய ஓக் பீப்பாயே வேண்டும் என்று அங்கே சட்டம், அதனால் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் ஏராளமாக வெளியே வரும்.

நல்ல அன்யெஹோவில் இரண்டு கூடையும் தெரிய வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது சுலபம். ஒரே ஆலையின் பிளாங்கோவையும் அன்யெஹோவையும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றி நான் ஒருநாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பிளாங்கோவில் மிளகும் கிழங்கு வாடையும் பளிச்சென்று மேலே நின்றன. அடுத்து அன்யெஹோ. முதலில் வெனிலாவும் கருப்பட்டிப் பாகும் மட்டும்தான் தெரிந்தது. கால் மணி நேரம் கழித்து, பாகுக்குக் கீழே அதே மிளகு மெல்ல எட்டிப் பார்த்தது. பிளாங்கோவை முன்னால் முகராமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. இரண்டு பாட்டில் வாங்க வசதி இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். நீங்கள் எத்தனை குறிப்புகள் படித்தாலும் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது.

குடிப்பது எப்படி?

முதல் வாய் வெறும் அறிமுகம். நாலைந்து சொட்டு. நாக்கில் பரப்பி, உமிழ்நீரோடு கலக்கவிட்டு விழுங்குங்கள். சுருக்கென்றுதான் இருக்கும். அந்த வாயை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், நாக்கு பழகுவதற்காகத்தான் அது. இரண்டாவது வாயைச் சில நொடிகள் வைத்திருந்து விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை மெதுவாக விடுங்கள். பின்வாசனை அப்போதுதான் தெரியும். எந்த ருசி கடைசிவரை தங்குகிறது என்று கவனியுங்கள். இனிப்பு மட்டும் தங்கினால் எனக்குச் சந்தேகம் வரும். மிளகு, லேசான துவர்ப்பு, அதன்மேல் மெல்லிய இனிப்பு என்று தங்கினால் சந்தோஷம்.

30 மில்லியை முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இரண்டாவது கிளாஸில் நாக்கு மந்தமாகிவிடும், ருசி பார்ப்பது போய்க் குடிப்பது மட்டும் மிஞ்சும்.

சர்க்கரை, எசன்ஸ் சேர்ப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எடையில் 1%-க்குள் இருந்தால் கேரமல் நிறமூட்டி, ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றைச் சேர்க்கலாம், லேபிளில் சொல்லத் தேவையில்லை. 100% அகாவே என்று போட்டிருக்கும் அன்யெஹோவிலும் இது நடக்கும். 1% கேட்கச் சின்னதுதான், ஆனால் செறிவூட்டிய சாறுகளில் அது நிறையச் செய்யும். "சேர்க்கை இல்லாதது" என்று விளம்பரப்படுத்த யாருக்கு உரிமை என்பதில் ஒழுங்காற்று மன்றத்துக்கும் சுயமாகச் சோதித்துச் சான்று தருபவர்களுக்கும் தகராறு நடந்திருக்கிறது.

வீட்டில் கண்டுபிடிக்கச் சரியான சோதனை கிடையாது, சில அறிகுறிகள் உண்டு. பேக்கரிக்குள் நுழைந்ததும் அடிக்கும் கேக் வெனிலா போல ஒரே ஒரு வாசனை எல்லாவற்றையும் மூடினால். வாயில் எண்ணெய் போல வழுக்கினால். ஒரு வருட அன்யெஹோ கெட்டித் தேநீர் நிறத்தில் இருந்தால். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து உலர்ந்த பிறகு பிசுபிசுத்தால். இதில் எந்த ஒன்றும் தனியாக நிரூபணம் ஆகாது, மூன்று சேர்ந்தால் அடுத்த முறை நான் அதை வாங்க மாட்டேன். சேர்க்கை இருப்பதே பிடித்திருக்கிறது என்றால் குடியுங்கள், நாக்கு உங்களுடையது. அகாவே ருசி என்று நினைத்துக் குடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

உப்பு, எலுமிச்சை?

கரடுமுரடான டெக்கீலாவை மறைக்க அருமையான வழி. அன்யெஹோவுக்கு வேண்டாம்.

உள்ளே புழு இருக்குமாமே?

டெக்கீலாவில் கிடையாது. சில மெஸ்கால் பாட்டில்களில் போடுவார்கள். மெஸ்கால் என்பது அகாவேயில் வடிக்கும் இன்னொரு மது. மண்குழியில் விறகுச் சூட்டில் வேகவைப்பதால் புகை வாடை வரும்.

ஐஸ் போடலாமா? தண்ணீர்?

ஐஸ் மணத்தை அடைத்துவிடும். ஒரு சில சொட்டுத் தண்ணீர் விடலாம், ஆல்கஹால் நெடி தணிந்து உள்ளே இருப்பது மேலே வரும். சோடா, கோலா கலப்பதற்கு அன்யெஹோ வாங்கியிருக்க வேண்டாம், ரெப்போசாதோவே அதற்கு அதிகம்.

நிறமே இல்லாத அன்யெஹோ பார்த்தேன். அது எப்படி?

அது கிறிஸ்தலினோ. அன்யெஹோவைச் செயலூட்டிய கரி வழியாக வடிகட்டி நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். நிறத்தோடு மரத்தின் கசப்பும் துவர்ப்பும் போகும், கூடவே ருசியிலும் கொஞ்சம் போகும். மழமழவென்று இறங்கும். மெக்சிகோவில் நல்ல விற்பனை. ஒரு வருடம் பீப்பாயில் வைத்துச் சேர்த்ததை ஒரு மணி நேரத்தில் கரியில் விடுவது எனக்குப் புரியாத கணக்கு.

தொட்டுக்கொள்ள என்ன?

மிளகாய்த்தூள் போட்ட எதுவும் நாக்கை மரத்துப்போகச் செய்யும், சிக்கன் 65-ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உப்பில்லாத வறுத்த கடலை, கறுப்பு சாக்லேட், ஆரஞ்சுச் சுளை நன்றாகப் போகும். ஐரோப்பாவில் ஆரஞ்சு வில்லையில் பட்டைத்தூள் தூவித் தருவார்கள், அன்யெஹோவுக்கு அது மோசமில்லை. என் தேர்வு கடலை மிட்டாய். வெல்லப்பாகும் பீப்பாய் வாசனையும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் ருசி பார்த்து முடித்த பிறகு, நடுவில் வேண்டாம். நடுவில் தண்ணீர் மட்டும். வயிறு காலியாக உட்காராதீர்கள், வண்டிச் சாவியை முன்னமே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் எத்தனை கொண்டுவரலாம்?

இந்தியாவுக்குள் சுங்க வரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு. ஒரே ஆலையின் பிளாங்கோ ஒன்று, அன்யெஹோ ஒன்று என்று கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.

திறந்த பாட்டிலை எவ்வளவு நாள் வைக்கலாம்?

திறக்காத பாட்டில் வருடக்கணக்கில் இருக்கும். ஆனால் பாட்டிலில் அதற்கு வயது கூடாது, பீப்பாயில் இருந்த காலம்தான் கணக்கு. திறந்த பிறகு காற்று வேலையைத் தொடங்கும். பாதிக்குக் கீழே போனதும் சில மாதங்களில் முடித்துவிடுவது நல்லது, அல்லது சிறிய பாட்டிலுக்கு மாற்றி வையுங்கள். நிற்க வைத்தே வையுங்கள். ஒயின் போலப் படுக்க வைத்தால் 40% ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படும் ஷோகேஸ் வேண்டாம், கரண்டி டப்பா இருக்கும் இருட்டு அலமாரியே சரி.

குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவ வேண்டுமா?

கழுவாதீர்கள். இரவு மூடாமல் மேஜையிலேயே விட்டுவிட்டுக் காலையில், காபிக்கு முன்னால், எடுத்து முகருங்கள். ஆல்கஹால் முழுவதும் போயிருக்கும். நல்ல அன்யெஹோ என்றால் உலர்ந்த கிளாஸில் சுட்ட கிழங்கு வாடையும் பழைய மரப்பெட்டி வாடையும் இருக்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை அம்மா அந்த கிளாஸை எடுத்து முகர்ந்துவிட்டு, "இதுல என்னடா, பனங்கிழங்கு அவிச்ச தண்ணியா ஊத்தி வச்சிருந்த?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.